பாலம் தாங்கும் எடை

வட ஜெர்மனியின் கிராமச் சாலைகளில் கார் ஓட்டிப் போகிறவர்கள் சின்னப் பாலங்களுக்கு முன்னால் மஞ்சள் நிற வட்டப் பலகை ஒன்றைப் பார்க்கலாம். கறுப்பில் ஒரு டாங்கியின் உருவம், சில அம்புக்குறிகள், ஓர் எண். ஒரே வரிசையில் போனால் இந்தப் பாலம் எந்த எடை வகுப்பு டாங்கியைத் தாங்கும், எதிரெதிராக இரண்டு வந்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கான ராணுவ அறிவிப்பு அது. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனி முழுக்க நட்டு வைத்தார்கள். எதிர்பார்த்த போர் வரவில்லை. பலகைகளில் பல இன்னும் நிற்கின்றன. சுற்றிலும் சோளக்கொல்லை, மேயும் மாடுகள், சைக்கிளில் ரொட்டி வாங்கி வரும் பாட்டிகள்.

சோவியத் டாங்கியையும் மேற்கத்திய டாங்கியையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகக் கவசத்தின் கனத்திலும் பீரங்கிக் குழலின் விட்டத்திலும் தொடங்குவார்கள். இந்தப் பலகையில் தொடங்கினால் விஷயம் இன்னும் சீக்கிரம் பிடிபடும். எவ்வளவு தடித்த கவசம் போட்டிருந்தாலும், பாலம் தாங்கினால்தான் டாங்கிக்கு அக்கரை உண்டு.

இந்த இரண்டு மரபுகளும் நாற்பது ஆண்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்ற இடம் ஜெர்மனி. அதனால் அந்த எல்லையை ஒட்டியே பயணத்தை அமைத்துக்கொண்டேன்: வடக்கே முன்ஸ்டர் டாங்கி அருங்காட்சியகம், நடுவே ஃபுல்டா மலைகள், கடைசியில் பெர்லின். கார் நண்பனுடையது. ஹனோவரில் பொறியாளராக இருக்கும் அவன் ஆவடியில் வளர்ந்தவன். அவன் அப்பா அங்கே டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் சோதனை ஓட்டத்தின் இரைச்சல் கேட்டு வளர்ந்தவனுக்கு டாங்கி என்றால் பிரமிப்பு கிடையாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

லூனெபர்க் புதர்வெளியில் ஆகஸ்ட் கடைசியில் பூ பூக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை முழங்கால் உயரத்துக்கு ஊதாப் புதர்கள், இடையிடையே பிர்ச் மரங்கள், மணல் பாதைகள். 1945 மே 4ஆம் தேதி வடமேற்கு ஜெர்மனியில் இருந்த ஜெர்மன் படைகள் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியிடம் சரணடைந்தது இந்த வெளியில்தான். பூப் பார்க்க வந்த சுற்றுலாப் பேருந்துகளைத் தாண்டிப் போனால் முன்ஸ்டர். செங்கல் வீடுகளும் ராணுவக் குடியிருப்புகளும் கலந்த ஊர். ஜெர்மன் டாங்கிப் படையின் பயிற்சிப் பள்ளி இங்கே இருக்கிறது. அருங்காட்சியகமும் அதை ஒட்டி வளர்ந்ததுதான். டிக்கெட் கவுண்டரைத் தாண்டியதும் கூடம் கூடமாக இரும்பு. பழைய எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை.

முதலில் கால் நின்றது ராஜப்புலி என்று பெயர் எடுத்த கனரக ஜெர்மன் டாங்கியின் முன்னால். ஏறத்தாழ 70 டன். நெற்றிக் கவசத்தை நேருக்கு நேர் துளைக்கும் பீரங்கி போர்க்களத்தில் அநேகமாகக் கிடையாது. ஆனால் உள்ளே இருந்தது 45 டன் பாந்தர் டாங்கியை இழுப்பதற்கே மூச்சு வாங்கிய அதே 700 குதிரைசக்தி மேபாக் எஞ்சின். கியர் பாக்ஸும் இறுதி இயக்கப் பல்சக்கரங்களும் அந்த எடைக்கு ஈடு கொடுக்கவில்லை. குண்டடி பட்டு அழிந்ததைவிட, பழுதாகியும் எரிபொருள் தீர்ந்தும் சொந்தக்காரர்களே வெடி வைத்துவிட்டுப் போனவை ஏராளம். பாந்தரும் சளைத்ததல்ல. சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்று மேவும்படி அடுக்கியிருந்தார்கள். ஓட்டம் சுகமாக இருந்தது. ஆனால் உள்வரிசைச் சக்கரம் ஒன்று போனால் வெளியே இருப்பவற்றையெல்லாம் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இரவில் சேறு உறைந்து சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். ராஜப்புலி மொத்தம் செய்யப்பட்டது 500க்கும் குறைவு.

அதே கூடத்தில் டி-34/85. உயரத்திலும் நீளத்திலும் சிறியது, எடை 32 டன். வார்ப்பில் செய்த சுழல் கோபுரத்தின் தோலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அச்சு மண்ணின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. பற்றவைப்பு தடித்தும் மெலிந்தும் நெளிந்து ஓடுகிறது. நண்பன் கயிற்றுக்கு இப்பால் குனிந்து, ஒரு வெல்டிங் கோட்டை விரலால் காற்றில் தொடர்ந்தபடி சொன்னான்:

“எங்கப்பா பாத்தா இதை ரிஜெக்ட் பண்ணிடுவாரு. ஆனா பாரு, எங்க தேவையோ அங்க மட்டும் சுத்தமா கடைஞ்சிருக்கான். கோபுரம் உக்கார்ற வளையம், பீரங்கி உக்கார்ற எடம். மத்ததெல்லாம் யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டான்.”

டி-34இன் கதை மிகாயில் கோஷ்கினிடமிருந்து தொடங்குகிறது. 1940 மார்ச்சில் இரண்டு முன்மாதிரி வண்டிகளைக் கார்கோவிலிருந்து மாஸ்கோ வரை பனியில் ஓட்டிக் காட்டினார்கள். தலைமை வடிவமைப்பாளரான அவரும் கூடப் போனார். நிமோனியா பிடித்து அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற வண்டியில் மூன்று விஷயங்கள் ஒன்றுகூடியிருந்தன. சாய்த்து வைத்த 45 மி.மீ. கவசம்: சாய்வினால் குண்டு கடக்க வேண்டிய தடிமன் கூடியது. 500 குதிரைசக்தி டீசல் எஞ்சின். சேற்றில் புதையாத அகலமான சங்கிலிப் பட்டை. சக்கரத் தொங்கல் அமைப்பு வால்ட்டர் கிறிஸ்டி என்ற அமெரிக்கருடையது. அவருடைய சொந்த நாட்டு ராணுவம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு இருந்தும் 1941இல் டி-34கள் ஆயிரக்கணக்கில் அழிந்தன. காரணம் உள்ளே இருந்தது. கோபுரத்தில் இரண்டே பேருக்கு இடம். கமாண்டரே குறிபார்த்துச் சுட வேண்டும். குறிநோக்கியில் கண் வைத்தால் களம் தெரியாது, களத்தைப் பார்த்தால் குறி தவறும். பெரும்பாலான வண்டிகளில் ரேடியோ கிடையாது. எதிரே வந்த ஜெர்மன் டாங்கிகளில் பல பீரங்கியிலும் கவசத்திலும் இளைத்தவைதான். ஆனால் முக்கிய வகைகளில் கோபுரத்தில் மூன்று பேர், ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ரேடியோ, தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கத் தனிக் கூண்டு. யார் முதலில் பார்த்தார்களோ அவர்கள் முதலில் சுட்டார்கள். 1944இல் வந்த 85 மி.மீ. வடிவத்தில்தான் டி-34க்கு மூன்றாள் கோபுரம் கிடைத்தது. அதற்குள் கார்கோவ் தொழிற்சாலை யூரல் மலைக்கு அப்பால் நீஷ்னி தாகிலுக்குப் பெயர்ந்திருந்தது. சாமானியத் தொழிலாளிகளும் பெண்களும் சிறுவர்களும் செய்யக்கூடிய அளவுக்கு வரைபடம் எளிமையாக்கப்பட்டிருந்தது. போருக்குப் பிந்தைய தயாரிப்பையும் சேர்த்தால் டி-34 செய்யப்பட்டது 80,000க்கும் மேல்.

சில மாதங்களில் எரிந்துபோகப்போகும் வண்டிக்குப் பல வருடம் உழைக்கும் கியர் பாக்ஸ் எதற்கு என்பது ஈவிரக்கமில்லாத கணக்கு. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. போர் முடிந்த பிறகும் அதே கணக்கைத் தொடர்ந்ததுதான் அடுத்த கூடத்தின் கதை.

அடுத்த கூடம் பனிப்போருக்கு உரியது. டி-55இன் கோபுரம் வாணலியைக் கவிழ்த்து வைத்தது போல வழுவழுவென்று உருண்டிருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வந்தாலும் வழுக்கிப் போகட்டும் என்ற யோசனை. அதன் முன்னால் பேரனுடன் நின்றிருந்த பெரியவர் ஒருவர் நண்பனிடம் பேச்சுக் கொடுத்தார். கிழக்கு ஜெர்மன் ராணுவத்தில் இதே டாங்கியில் குண்டு நிரப்புபவராக இருந்தாராம். கையிலிருந்த குடையைக் குண்டாக வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினார். பீரங்கிக்கு வலப்புறம் அவர் இடம். அப்படியென்றால் பீரங்கியின் பின்வாய் அவருக்கு இடப்புறம். சுமார் 30 கிலோ எடையுள்ள குண்டைக் குனிந்து எடுத்து, நிமிர முடியாத கூரைக்குக் கீழே திரும்பி, இடது கையால் தள்ள வேண்டும். வண்டி வேறு குலுங்கும். அவர் சராசரிக்கும் குள்ளம். அதனால்தான் தன்னை டாங்கிப் படையில் போட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். மேற்கத்திய டாங்கிகளில் நிரப்புபவர் பீரங்கிக்கு இடப்புறம், நின்ற நிலையில், வலது கையால் தள்ளுவார். நிமிடத்துக்கு இத்தனை குண்டு என்று கையேடுகளில் எழுதியிருப்பதற்கும் களத்தில் நடப்பதற்கும் இடையே உள்ள தூரம் அந்தக் குடையில் தெரிந்துபோனது.

சோவியத் வடிவமைப்பாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, ஆளுக்கு வசதி செய்து கொடுப்பது அல்ல, ஆளையே எடுத்துவிடுவது. 1960களில் அலெக்சாந்தர் மொரோசோவ் உருவாக்கிய டி-64இலும், 1970களில் நீஷ்னி தாகிலில் பிறந்த டி-72இலும் குண்டு நிரப்புவது இயந்திரம். டி-72இல் கோபுரத்தின் தரைக்கு அடியில் வட்டத் தட்டு ஒன்று சுழல்கிறது. 22 குண்டுகள், குண்டு தனி, மருந்து தனி. கன்னர் பொத்தானை அழுத்தினால் தேவையான வகை சுழன்று வந்து மேலே ஏறிப் பீரங்கிக்குள் போகிறது. நான்காவது ஆளுக்கான இடம் மிச்சம். அந்த ஆள் நிற்க வேண்டாம் என்பதால் கூரை தாழ்கிறது. கூரை தாழ்ந்தால் மூட வேண்டிய பரப்பு குறைகிறது. அதே எடையில் கவசத்தைத் தடிப்பாக்கலாம். 125 மி.மீ. பீரங்கியோடு டி-72இன் எடை 41 டன்னில் நின்றது இந்தச் சங்கிலியால்தான். ஒரு கண்ணியை உருவினால் மொத்தமும் அவிழும்.

பக்கத்திலேயே லெப்பர்ட் 2 நிற்பதால் வித்தியாசத்தைக் கண்ணாலேயே அளக்கலாம். டி-72இன் கூரை சுமார் இரண்டேகால் மீட்டர். லெப்பர்ட் அதைவிட ஒரு சாண் உயரம், எல்லாப் பக்கமும் அகலம், 55 டன், நான்கு பேர். டி-72இன் எஞ்சின் 780 குதிரைசக்தி. லெப்பர்டுக்கு 1,500. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே கட்டாக கிரேனால் தூக்கி, களத்திலேயே அரை மணி நேரத்துக்குள் மாற்றிவிடுவார்கள். டி-72இல் அதே வேலைக்குப் பாதி நாளாவது வேண்டும்.

“அப்பா இதுக்குள்ள எறங்கி வேலை பாத்துட்டு வந்தாருன்னா ராத்திரி பூரா முதுகுல தைலம்தான்,” என்றான் நண்பன். “ரிவர்ஸ்ல எவ்ளோ போகும் தெரியுமா? கூட நடந்து வர்ற ஆள் முந்திடுவான்.”

வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மைதான். டி-72க்குப் பின்னோக்கி ஒரே ஒரு கியர். மணிக்கு 5 கிலோமீட்டரைத் தொடாது. லெப்பர்ட் 2 பின்னோக்கி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சுட்டுவிட்டுச் சட்டென்று மறைகிற வேலை ஒரு டாங்கிக்கு எழுதியிருந்தது. இன்னொன்றுக்கு எழுதியிருந்தது முன்னால் போவது மட்டும்.

ஆனால் டி-72இன் பின்புறம் போய்ப் பார்த்தால் அதை ஏளனம் செய்யத் தோன்றாது. குறுக்கே கட்டிய முழு மரக்கட்டை ஒன்று. சேற்றில் சிக்கினால் அதைச் சங்கிலிப் பட்டையில் பிணைத்து ஓட்டினால், கட்டை அடியில் போய்ப் பிடிமானம் கொடுத்து வண்டி தானே கரையேறும். கழற்றி எறியக்கூடிய டீசல் பீப்பாய்களுக்கான கொக்கிகள். ஆற்றின் அடியில் ஐந்து மீட்டர் ஆழம்வரை போக மூச்சுக் குழாய். புகைத்திரை வேண்டுமென்றால் சூடான புகைபோக்கியில் கொஞ்சம் டீசலைத் தெளித்தால் போதும், தனிக் கருவி வேண்டாம். பின்லாந்திலிருந்து இந்தியா வரை இந்த வண்டியை நம்பி வாங்கினார்கள் என்றால் விலை மட்டும் காரணமல்ல. வழியில் பாலம் இல்லாவிட்டாலும், பக்கத்தில் பட்டறை இல்லாவிட்டாலும், இரண்டு வருடம் மட்டுமே பணியாற்றும் இளைஞன் ஓட்டினாலும் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்துச் செய்த வண்டி அது.

மேற்கு என்பதும் ஒரே மாதிரியானதல்ல. அதே கூடத்தில் இருக்கும் லெப்பர்ட் 1, 1960களின் நம்பிக்கையில் பிறந்தது: துளைக்கும் குண்டுகள் இவ்வளவு முன்னேறிவிட்ட பிறகு கவசம் வீண்சுமை, வேகம்தான் காப்பாற்றும். 40 டன் எடையும் மெல்லிய கவசமுமாக ஓடிய அதற்கு, அதே காலத்து பிரிட்டிஷ் சீஃப்டன் நேர் எதிர். தடித்த கவசம், பெரிய பீரங்கி, அடிக்கடி மக்கர் செய்யும் எஞ்சின்.

முன்ஸ்டரிலிருந்து ஏ-7 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் சமவெளி மெல்ல மடிப்பு விழத் தொடங்கும். காஸலைத் தாண்டினால் காடு மூடிய குன்றுகள். ஃபுல்டாவுக்கு வடகிழக்கே ராஸ்டோர்ஃப், கைசா என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே பாயின்ட் ஆல்ஃபா இருக்கிறது. அமெரிக்காவின் 11ஆவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட் கண்காணிப்பு நடத்திய எல்லைச்சாவடி, இப்போது நினைவிடம். அமெரிக்கக் கோபுரத்துக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் கிழக்கு ஜெர்மன் கோபுரம். நடுவே வேலி, ரோந்துப் பாதை, புல். இந்த இடைவெளி வழியாக சோவியத் டாங்கிகள் பாய்ந்தால் ஃபிராங்ஃபர்ட் சுமார் 100 கிலோமீட்டர்தான் என்று நேட்டோ தளபதிகள் பல்லாண்டுகள் தூக்கமிழந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் புரியாத ஒன்று இந்தக் குன்றில் நின்றால் புரிகிறது. தற்காத்து நிற்கும் டாங்கி மேட்டின் மறுசரிவில் உடலை மறைத்துக்கொண்டு, கோபுரத்தை மட்டும் முகட்டுக்கு மேலே காட்டி, கீழே வருகிறவனைச் சுட வேண்டும். அதற்குப் பீரங்கிக் குழல் கீழ்நோக்கிச் சாய வேண்டும். குழலின் முன்பக்கம் தாழ வேண்டுமானால் உள்ளே அதன் பின்பக்கம் உயர வேண்டும். கூரை உயரமாக இருந்தால் உயரும். தாழ்வாக இருந்தால் முட்டும். லெப்பர்ட், பிரிட்டிஷ் செஞ்சூரியன், அமெரிக்க எம்-60 ஆகியவற்றின் குழல்கள் 9, 10 பாகை கீழே சாயும். டி-55, டி-72 ஆகியவற்றுக்கு 5, 6 பாகைதான். ஆகவே சுட வேண்டுமென்றால் சோவியத் டாங்கி முகட்டின் மேலேறி முழு உடம்பையும் காட்ட வேண்டும். உருவம் சிறியது, எதிரி கண்ணில் படாது என்று பெருமையாகச் சொல்லப்பட்ட அதே தாழ்ந்த கூரை, மேட்டு நிலத்தில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபுல்டாவில் இது சோதிக்கப்படவில்லை. கோலான் மேட்டில் சோதிக்கப்பட்டது. 1973 அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிரிய டாங்கிகள், பெரும்பாலும் டி-55, டி-62, அங்கே 200க்கும் குறைவான இஸ்ரேலிய டாங்கிகளை நோக்கி ஏறின. முன்கூட்டியே அமைத்த மண்மேடுகளின் பின்னால் நின்று இஸ்ரேலின் செஞ்சூரியன்கள் கீழ்நோக்கிச் சுட்டன. பகலில் அந்தச் சில பாகைகள் உயிரைக் காத்தன. இரவில் நிலைமை தலைகீழ். அகச்சிவப்பு விளக்கும் இருட்டில் பார்க்கும் குறிநோக்கியும் சிரியர்களின் சோவியத் வண்டிகளில் இருந்தன. இஸ்ரேலியர்களிடம் போதுமானவை இல்லை. சோவியத் தொழில்நுட்பம் எல்லாவற்றிலும் பின்தங்கியது என்ற பேச்சை அந்த இரவுகளில் போரிட்டவர்கள் ஒப்பமாட்டார்கள்.

அந்த முன்னிலை கைமாறியது வெப்பப் படக் கருவி வந்த பிறகு. 1991 பிப்ரவரி 26ஆம் தேதி, வளைகுடாப் போரில், ஈராக் பாலைவனத்தில் மணற்புயலுக்கு நடுவே அமெரிக்க ஆப்ரம்ஸ் டாங்கிகள் ஈராக்கியக் குடியரசுக் காவல் படையின் டி-72களைச் சந்தித்தன. ஆப்ரம்ஸின் கன்னருக்குப் புழுதிக்குள் எஞ்சின் சூடு தெளிவாகத் தெரிந்தது. எதிரில் இருந்தவனுக்குப் புழுதி மட்டும் தெரிந்தது. அந்தப் போரோடு டி-72இன் பெயர் கெட்டது. ஆனால் ஈராக்கிடம் இருந்தவை கவசம் குறைக்கப்பட்ட ஏற்றுமதி ரகம், குண்டுகளும் பழையவை. சோவியத் ராணுவம் தனக்கென்று வைத்துக்கொண்டதை மேற்கு சந்திக்கவே இல்லை. அந்த ஏற்றுமதி ரகத்தைப் பிரித்துப் பார்க்க மேற்கு ஜெர்மானியர்களுக்கு 1990இல் வாய்ப்புக் கிடைத்தது; இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது கிழக்கின் டாங்கிகள் மொத்தமாகக் கைக்கு வந்தன. சோதித்தார்கள், உருக்கினார்கள், விற்றார்கள். பின்லாந்து டி-72களை வாங்கியது. சில ஆண்டுகள் கழித்து அதே பின்லாந்து லெப்பர்ட் 2களையும் ஜெர்மனியிடமே வாங்கியது.

பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலுக்கு மேற்கே அகலமான சாலையோரம் சோவியத் போர் நினைவிடம். இருபுறமும் இரண்டு டி-34கள் பீடத்தில் நிற்கின்றன. சாலையின் பெயர் ஜூன் 17 தெரு. 1953இல் அந்த நாளில் கிழக்கு பெர்லின் தொழிலாளர்கள் கிளர்ந்தெழ, அவர்களை அடக்க வந்தவையும் டி-34கள். நாஜிகளிடமிருந்து நகரத்தை விடுவித்த வண்டியும் தொழிலாளர்மேல் ஏவப்பட்ட வண்டியும் ஒன்றுதான் என்பதை பெர்லின் ஒரே தெருவில் வைத்திருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் செக்பாயின்ட் சார்லி. 1961 அக்டோபர் 27 மாலை முதல் மறுநாள் காலை வரை அமெரிக்க எம்-48களும் சோவியத் டி-54, டி-55 வகை டாங்கிகளும் தரப்புக்குப் பத்தாக, ஒரு தெரு நீள இடைவெளியில் நேருக்கு நேர் நின்றன. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

2023 பிப்ரவரியில் உன்டர் டென் லிண்டன் சாலையில், ரஷ்யத் தூதரகத்துக்கு எதிரே, உக்ரைனில் அழிந்த டி-72 ஒன்றைக் கொண்டுவந்து சில நாள் நிறுத்தியிருந்தார்கள். துருவேறிய அந்தச் சிதைவின் மேல் ரோஜாக்களை வைத்துவிட்டுப் போனார்கள் சிலர். எதற்காக வைத்தார்கள் என்று பத்திரிகைகளில் சர்ச்சைகூட நடந்தது.

உக்ரைன் போரில் கோபுரம் தூக்கி எறியப்பட்ட டி-72களின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. தரைக்கு அடியில் குண்டுத்தட்டு இருப்பதால் குற்றம் முழுவதும் அதன்மேல் விழுந்தது. உண்மை கொஞ்சம் சிக்கலானது. தட்டு வண்டியின் அடிமட்டத்தில், அடி படும் வாய்ப்புக் குறைந்த இடத்தில் இருக்கிறது. தட்டில் அடங்காத மிச்சக் குண்டுகளை ஆட்களைச் சுற்றி மூலைமுடுக்கெல்லாம் செருகி வைப்பதுதான் பெரும் ஆபத்து. ஆனால் எது முதலில் பற்றினாலும், மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவே சுவர் இல்லை. பற்றினால் தப்பிக்க நேரமும் இல்லை. ஆப்ரம்ஸில் குண்டுகள் கோபுரத்தின் பின்புற அறையில், எஃகுக் கதவுக்கு அப்பால் இருக்கின்றன. வெடித்தால் கூரைத் தகடுகள் மேல்நோக்கிப் பிய்த்துக்கொண்டு போகும், ஆட்கள் பக்கம் தீ வராது. லெப்பர்ட் 2இல் இந்த ஏற்பாடு பாதிக் கிணறு. 15 குண்டுகள் பின்னறையில். மீதி 27 டிரைவருக்குப் பக்கத்தில், தடுப்பில்லாமல். 2016 கடைசியில் சிரியாவின் அல்-பாபில் துருக்கியின் லெப்பர்டுகள் அடி வாங்கியபோது அவற்றிலும் கோபுரம் தனியே கிடந்த காட்சி வெளியானது.

2023 கோடையில் ஸபோரீஷ்ஷியா களத்தில் உக்ரைனுக்குக் கிடைத்த லெப்பர்டுகள் கண்ணிவெடிகளில் சிக்கின. எந்த டாங்கியையும் நிறுத்திவிடக்கூடிய கண்ணிவயல் அது. ஆனால் பல வண்டிகளிலிருந்து ஆட்கள் நடந்து வெளியே வந்தார்கள், மறுபடி வேறு வண்டியில் ஏறினார்கள். அதே நேரம் ரஷ்யா கிடங்குகளிலிருந்து டி-62, டி-55களைக்கூட இழுத்து வந்தது. அறுபது வருடப் பழைய வண்டி இன்னும் கிளம்புகிறது என்பது ஒரு பெருமை. அதில் ஆளை ஏற்றி அனுப்ப மனம் வருகிறது என்பது வேறு விஷயம். மேலே வந்து விழும் மலிவான டிரோன்களுக்கு முன்னால் இரு தரப்புமே கூரைக்கு மேல் இரும்புக் கூண்டு கட்டத் தொடங்கிவிட்டன.

பெர்லினில் கடைசி மாலை, நண்பன் கேட்டான்: “சரி, எது நல்ல டேங்க்?”

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகவும் பதில் எழுத முயன்ற நாடு ஒன்று உண்டென்றால் நம் நாடுதான். ஆவடித் தொழிற்சாலை 1960களில் தொடங்கியது பிரிட்டிஷ் விக்கர்ஸ் வடிவமைப்பில் செய்த விஜயந்தாவோடு. 1980களில் அதே கூரையின் கீழ் டி-72 அஜேயா வந்தது. பிறகு டி-90 பீஷ்மா. பக்கத்திலேயே போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்த அர்ஜுன், மனதளவில் மேற்கத்திய டாங்கி: நான்கு பேர், 120 மி.மீ. பீரங்கி, ஜெர்மன் எம்.டி.யூ. எஞ்சின், பரந்த உள்ளறை. முதல் ரகம் 58 டன்னைத் தாண்டியது. மார்க்-1ஏ 68 டன். 2021இல் 118 அர்ஜுன்களுக்கு ராணுவம் ஆர்டர் கொடுத்தது. டி-72, டி-90களோ ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அர்ஜுனைப் பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஆட்சேபம் பீரங்கியையோ கவசத்தையோ பற்றியதல்ல. பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்கள் தாங்குமா, ரயில் வேகனில் ஏறுமா என்பதே. ஜெர்மன் கிராமத்தில் மஞ்சள் பலகை கேட்ட அதே கேள்வி.

எனவே நண்பனுக்கு நான் சொன்ன பதில் இது. ஒவ்வொரு டாங்கியும், அதைச் செய்தவர்கள் எதை அரிது என்று நினைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. சோவியத் ஒன்றியத்துக்கு அரிதாக இருந்தவை பாலத்தின் பலம், ரயில் வேகனின் அகலம், பயிற்சிக்கான நேரம். ஆளும் இரும்பும் வேண்டிய மட்டும் உண்டு என்று அது நம்பியது. மேற்குக்கு அரிதாக இருந்தது பயிற்சி பெற்ற மனிதன். அவனைக் காப்பாற்ற எடையையும் பணத்தையும் எரிபொருளையும் வாரி இறைத்தது. இரண்டும் புத்திசாலித்தனமான விடைகள்தான், அவரவர் எதிர்பார்த்த போர் வந்திருந்தால். வந்தது வேறு போர்.

நண்பன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்படின்னா எங்கப்பா கட்டின டேங்க்ல ஏறுற பையனை நாம அரிதா நெனைக்கிறோமா இல்லையான்னுதான் கேக்கணும்.”

அந்தக் கேள்வியை வடிவமைப்பாளரிடம் கேட்டுப் பயனில்லை. வாங்குகிறவர்களிடமும் அனுப்புகிறவர்களிடமும் கேட்க வேண்டும். பாலங்களைப் பலப்படுத்தச் செலவழிக்கப்போகிறோமா, அல்லது பாலத்துக்கு ஏற்ற மாதிரி வண்டியைக் குறுக்கி அதன் விலையை உள்ளே உட்காருகிறவனிடம் வசூலிக்கப்போகிறோமா? இரண்டில் ஒன்றை முடிவு செய்த பிறகுதான் கவசத்தின் கனத்தைப் பற்றிய பேச்சுக்கே அர்த்தம் உண்டு.